மொண்டிசோரி அம்மையாரும் நம் பொறியியல் மாணவரும்

நம் நாட்டிலே "மொண்டிசோரி" என்பது ஒரு பெண்மணியின் பெயர் என்பதை நினைப்போர் சிலரே. ஒழுங்கைக்கு ஒழுங்கை, வண்ணப் படங்கள் தீட்டிய மதில்களிலே அப்பெயரைக் காண்கின்றோம். பிள்ளை எங்கேயென்று கேட்டால், "மொண்டிசோரிக்குப் போய்விட்டான்" என்று தாய் விடை கூறுகின்றாள். மூன்று நான்கு வயதுப் பாலர் பாட்டுப் பாடி விளையாடி வரும் இடம் என்பதே அச்சொல்லுக்கு இங்கு வழங்கும் பொருள். அப்பெயருக்குரிய அம்மையார் 1944 ஆம் ஆண்டில் இத்தீவுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திச் சென்றார் என்பதும், இளமையிலே அவர் பொறியியல் கற்கவே ஆசைப்பட்டார் என்பதும் நம்மிற் பலர் அறியாத செய்திகள்.

மரியா மொண்டிசோரி 1870 இல் இத்தாலியிலே பிறந்தவர். பெண்கள் உயர்கல்வியை நாடுவதே அரிதாயிருந்த அக்காலத்தில், பதின்மூன்றாம் வயதிலே றோம் நகரத் தொழினுட்பப் பாடசாலையொன்றிற் சேர்ந்து கணிதத்தை ஊன்றிக் கற்றார். பின்னர் மனம் மாறி மருத்துவம் பயின்று 1896 இற் பட்டம் பெற்றார். 1907 ஜனவரி 6 ஆம் நாள், றோமிலே சான் லொறென்சோ என்னும் வறியோர் குடியிருப்பில், தம் முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். ஆதலின், அவர் கண்ட நெறியைப் பல்கலைக்கழகப் பொறியியற் கல்விக்குக் கொண்டு செல்லலாம் என்றும், அதற்கு இணையவழிக் கற்கை துணையாகலாம் என்றும் நான் இன்று கூறப் புகுவது, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடும் வேலை அன்று. பிள்ளைப் பருவத்துக்கென அவர் செய்து வைத்த கருவிகளிலே பொறியியலாளர் ஒருவரின் மனம் ஒளிந்திருப்பதை எவரும் காணலாம்.

நான் அதைக் கண்டது ஒரு தற்செயல். சில மாதங்களுக்கு முன் என் தங்கையின் பேரனை அழைத்து வருவதற்காக அவன் பள்ளிக்குச் சென்றிருந்தேன். அங்கே ஒரு சிறுவன் தரையிற் பாயை விரித்து, ஒரு நீண்ட மரக்கட்டையின் முன் அமர்ந்திருந்தான். கட்டையிலே பத்துக் குழிகள். குழிகளுக்கு அளவான, பிடி வைத்த பத்து உருளைகள். அவற்றையெல்லாம் வெளியே எடுத்துக் கலைத்துப் போட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் குழியில் இட்டுக்கொண்டு வந்தான். கடைசியில் ஓர் உருளையும் ஒரு குழியும் மிஞ்சின. உருளை பெரிது, குழி சிறிது. அமுக்கிப் பார்த்தான், போகவில்லை. ஆசிரியை மூன்று முழத் தூரத்திலே நின்றிருந்தார், வாய் திறக்கவில்லை. சிறுவன் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சிறிது நேரம் கட்டையையே பார்த்திருந்துவிட்டு, எங்கோ நடுவில் ஆடிக்கொண்டிருந்த ஓர் உருளையைப் பிடுங்கினான். பிறகு எல்லாம் தத்தம் இடத்தைச் சேர்ந்தன.

மொண்டிசோரி நெறியின் உயிர் இங்கேதான் இருக்கின்றது. பிழையைச் சொன்னது ஆசிரியை அல்லர், மரம். மரம் ஏசுவதில்லை, பிறர் முன் தலைகுனிய வைப்பதில்லை, புள்ளியைக் குறைப்பதுமில்லை. பொருந்தவில்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாதிருக்கின்றது. பிள்ளைக்குப் பிழை என்பது அவமானமாகத் தோன்றவில்லை. அடுத்து எங்கே கையை வைக்க வேண்டும் என்று காட்டும் சுட்டுவிரலாகத் தோன்றிற்று. எழுத்துத் துறையைச் சேர்ந்த நம் வாசகர்க்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. அடித்துத் திருத்திய தாளைக் கண்டு வெட்கப்படுகின்ற எழுத்தாளன் நல்ல வரியொன்றை எழுதியதுண்டோ?

இனி, அதே காட்சியின் மறுபக்கத்தைச் சொல்கின்றேன். பெருந்தொற்றின் காரணமாக 2020 மார்ச் மாதத்தில் நம் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. எங்கள் அயலில் உள்ள ஒரு மாணவன், பொறியியற் பீடத்தில் முதலாண்டு பயில்பவன், வீட்டு விறாந்தையிலே ஒரு தூணோடு சாய்ந்து, கைத்தொலைபேசியிலே விரிவுரை கேட்பான். உள்ளங்கையளவு திரையிலே சமன்பாடுகள் ஓடும். இரண்டு மணித்தியாலம் ஒரு குரல் மட்டும் பேசிக்கொண்டிருக்கும். ஒருநாள், என்ன விளங்கிற்று என்று கேட்டேன். "இப்போது விளங்காது மாமா, பரீட்சைக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்" என்றான். ஆய்வுகூட வேலை எவ்வாறு நடக்கின்றது என்றும் கேட்டேன். முன்னைய ஆண்டு மாணவர் எடுத்த அளவீடுகளை அனுப்பி வைத்திருக்கிறார்கள் என்றும், அவற்றைக் கொண்டு வரைபு கீறி அறிக்கை எழுதுவதே வேலை என்றும் கூறினான். அவன் ஒரு கம்பியையேனும் தொட்டதில்லை. ஆனால் அறிக்கைக்கு நல்ல புள்ளி கிடைத்தது.

விரிவுரையாளர்களைக் குறை கூற நான் இதை எழுதவில்லை. ஓரிரவிலே வந்த இடரை ஓரிரவிலே சமாளித்தவர்கள் அவர்கள். பல்கலைக்கழகக் கற்கைத் தளங்களை மாணவர் கட்டணமின்றி அடைவதற்கு அக்காலத்தில் வழி செய்யப்பட்டமையும் மறக்கற்பாலதன்று. ஆயினும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். அக்கைத்தொலைபேசி புதிய நோயொன்றைக் கொண்டு வரவில்லை. முன்பே இருந்த நோயைக் கண்ணாடி போலக் காட்டிற்று. விரிவுரை மண்டபத்திலும் மாணவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான், எழுதிக்கொண்டுதான் இருந்தான். இடையிலே இருந்த மேசை நாற்காலிகளை நீக்கியவுடன், அங்கே நடந்தது கேட்டலும் எழுதலும் மட்டுமே என்பது வெளிப்பட்டுவிட்டது.

இதிலே பெரிய முரண் ஒன்று உண்டு. பொருளே பிழையைக் காட்டும் துறை ஒன்று உண்டெனில் அது பொறியியல். சுற்றைத் தவறாக இணைத்தால் விளக்கு எரியாது. செய்நிரலிலே ஒரு குறியை விட்டுவிட்டால் கணினி ஏற்காது. வளை பலங்குறைந்தால் வளையும். இத்துணை நேர்மையான ஆசிரியர்கள் நாற்புறமும் நிற்க, நம் மாணவன் தன் பிழையை அறிவது ஆறு மாதம் கழித்து, பரீட்சைப் பெறுபேற்றுத் தாளிலே. அதுவும் ஓர் எழுத்தாக.

உயர்தர வகுப்பிலே எளிய ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் பரிசோதனையை நம்மிற் பலர் செய்திருப்போம். விடை 9.8 என்பது பரிசோதனைக்கு முன்பே எல்லோர்க்கும் தெரியும். 9.4 வந்தவன் என்ன செய்கின்றான்? நூலின் நீளத்தை மீண்டும் அளக்கின்றானா? அலைவுகளை எண்ணியதிலே தவறு நேர்ந்ததோ என ஆராய்கின்றானா? பெரும்பாலும் இல்லை. அழிறப்பரை எடுக்கின்றான். தனியார் வகுப்புகளும் கடந்தகால வினாத்தாள்களுமாகப் பல ஆண்டுகள் அவன் பெற்ற பயிற்சி, பிழை என்பது மறைக்கப்பட வேண்டிய பொருள் என்பதையே கற்பித்திருக்கின்றது. அந்த அழிறப்பரோடுதான் அவன் பொறியியற் பீடத்தினுள் நுழைகின்றான். அதனோடே வெளியேறவும் கூடும்.

இது சிறிய விடயமன்று. மொண்டிசோரி அம்மையார் றோமிலே தம் இல்லத்தைத் திறந்த அதே 1907 ஆம் ஆண்டில், கனடாவிலே கியூபெக் நகருக்கு அருகே ஒரு மாபெரும் உருக்குப் பாலம் எழுந்துகொண்டிருந்தது. அதன் நடுத் தூண்களுக்கு இடைப்பட்ட தூரம் 1600 அடியிலிருந்து 1800 அடியாகக் கூட்டப்பட்டிருந்தது. கூடிய பாரமோ உரிய வேளையில் மீளக் கணிக்கப்படவில்லை. ஆகஸ்ட் மாதத்திலே கீழ் உறுப்புகள் வளையத் தொடங்கின. அவற்றுள் ஒன்றின் வளைவு, ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் முக்கால் அங்குலத்திலிருந்து இரண்டேகால் அங்குலமாயிற்று. அளந்தவர்கள் இருந்தார்கள், கடிதங்களும் போயின. ஆனால், அவ்வுறுப்பு வேலைத்தளத்துக்கு வருமுன்பே வளைந்திருந்தது என்று சாதித்தவர்களும் இருந்தார்கள். பாரம் ஏற்றுவதை நிறுத்துமாறு தலைமை ஆலோசகர் நியூயோர்க்கிலிருந்து அனுப்பிய தந்தியும் வேலையை நிறுத்தவில்லை. ஆகஸ்ட் 29 ஆம் நாள் மாலை பாலம் ஆற்றிலே வீழ்ந்தது. அதன்மீது நின்ற 86 பேரில் 75 பேர் மாண்டனர்.

உருக்கு தன் பிழையைச் சொல்லிற்று, நாட்கணக்காகச் சொல்லிற்று. கேட்பதற்குப் பழகிய காது இருக்கவில்லை. 9.4 ஐ 9.8 ஆக்கும் கை நாளை எதில் ஒப்பமிடப் போகின்றது என்பதை எண்ணும்போது, இது கற்பித்தல் முறை பற்றிய சச்சரவு மட்டுமன்று, உயிர்களைப் பற்றிய வினா என்பது எனக்குத் தெளிவாகின்றது.

அங்ஙனமாயின், திரை இதற்கு எவ்வாறு உதவும்? கையே அறிவின் கருவி என்று கூறிவந்தவர் அம்மையார். கண்ணாடித் திரையைத் தொட்டால் எல்லாம் ஒரே வழவழப்பு; அங்கே பாரமில்லை, சூடில்லை, சொரசொரப்பில்லை. அவர் இன்று இருந்தால் இணையவழிக் கற்கையை ஏற்றிருக்க மாட்டார் என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்திற் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அறிய, திரையின் இரு வேறு பயன்களைப் பிரித்தறிய வேண்டும். திரை ஒரு மேடையாகலாம். அங்கே ஒருவர் பேச மற்றவர் கேட்பர். திரை ஒரு கற்றற் கருவியும் ஆகலாம். அங்கே மாணவன் ஒன்றைச் செய்ய, அது பொருந்திற்றா இல்லையா என்பதை அக்கருவியே அவனுக்கு உடனே காட்டும்.

இரண்டாவது வகைக்கு நல்ல முன்மாதிரிகள் உள்ளன. மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் 1998 ஆம் ஆண்டிலேயே, தொலைவிலுள்ள மாணவர் உண்மையான நுண்மின்னியற் சாதனங்களை இணையத்தின் வழியே அளந்தறியும் ஆய்வுகூடம் ஒன்று தொடங்கிற்று. அந்நிறுவனமே 2012 இல், மின்சுற்றுகளும் மின்னியலும் பற்றிய பாடமொன்றை உலகம் முழுவதற்கும் இலவசமாகத் திறந்தது. அதிலே மாணவர் திரையில் தாமே சுற்றை வரைந்து, அது எவ்வாறு இயங்கும் என்பதைக் கண்டறியும் வசதி இருந்தது. பதிவு செய்தோர் 154,763 பேர். முடித்துச் சான்றிதழ் பெற்றோர் 7,157 பேர்.

இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஏழாயிரம் பேர் மின்சுற்றுப் பாடத்தை முற்றாகக் கற்றது சாதாரண விடயமன்று. ஆயினும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் இடையிலே உதிர்ந்தனர். கதவைத் திறந்துவிட்டாற் போதும், எல்லோரும் தாமாகக் கற்பர் என்று எண்ணுவோர் மொண்டிசோரியைப் பிழையாக விளங்கிக்கொண்டவர்கள். அவர் பிள்ளைகளை விட்ட இடம் வெட்டவெளியன்று. ஆயத்தஞ் செய்யப்பட்ட சூழல். ஒவ்வொரு கருவிக்கும் ஓர் இடம்; ஒன்றன்பின் ஒன்றாக ஓர் ஒழுங்கு; மூன்று ஆண்டு வயது வேறுபாடுடைய பிள்ளைகள் ஒரே அறையிலே; பெரியவன் செய்வதைச் சிறியவன் பார்ப்பான்; இடையூறற்ற நீண்ட வேலை நேரம்; கவனித்துக்கொண்டே நிற்கும் ஓர் ஆசிரியை. அந்தச் சுதந்திரம் ஒழுங்கின் உள்ளே விளைந்த சுதந்திரம்.

பல்கலைக்கழகத்துக்கு இது ஒவ்வாது என்பார்க்கு, அமெரிக்க உளவியலாளர் பிரெட் கெலர் 1968 இல் விளக்கிய திட்டத்தை நினைவூட்டுவேன். பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்படும். ஓர் அலகைச் செவ்வையாகக் கற்ற பின்னரே அடுத்ததற்குச் செல்லலாம். எவரும் தத்தம் வேகத்திற் செல்லலாம். அப்பாடத்தை முன்பே தேர்ந்த மாணவன் அருகிருந்து சோதித்துத் திருத்துவான். தவறினால் தண்டனையில்லை, மீண்டும் எழுதலாம். பொறியியற் பாடங்கள் பலவும் எழுபதுகளிலே இம்முறையிற் கற்பிக்கப்பட்டன.

கைக்குத் தீனி எங்கே என்பது மிஞ்சிய வினா. அதற்கும் விடை உண்டு. 1971 இல் மாணவரைச் சேர்க்கத் தொடங்கிய பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம், பரிசோதனைப் பொருள்களைப் பெட்டியில் இட்டுத் தபாலிலே வீட்டுக்கு அனுப்பிற்று. சிறியதொரு நுணுக்குக்காட்டியும் அவற்றுள் ஒன்று. இன்று அது இன்னும் எளிது. ஆர்டுயினோ என்னும் உள்ளங்கையளவான மின்னியற் பலகை, அம்மையார் பிறந்த அதே இத்தாலியிலே, இவ்ரேயா என்னும் ஊரில், மாணவர்களுக்கென்றே 2005 இல் உருவானது. நம் நாட்டிலும் 1980 முதல் இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் இருக்கின்றது. தொலைக்கல்வியிலே பொறியியற் றொழினுட்பம் கற்பித்த அநுபவம் நமக்குப் புதிதன்று.

ஆகவே என் வேண்டுகோளை நான்கு சிறு கூறுகளாக முன்வைக்கின்றேன்.

முதலாவது, பெட்டி. முதலாண்டு மாணவன் ஒவ்வொருவன் கையிலும் சில தடையிகள், கொள்ளளவிகள், சிறு விளக்குகள், ஒரு மின்கலம், ஒரு பல்மானி அடங்கிய பெட்டியொன்று சேர வேண்டும். திரையிலே சுற்றை அமைத்து அளவைக் கணிக்கட்டும். பின் கையாலே அமைத்து அளக்கட்டும். இரண்டும் ஒருபோதும் முற்றாக ஒத்திரா. அந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்று எழுதுபவனுக்கே புள்ளி வழங்குக. ஒத்துப்போகும் விடைக்குப் புள்ளி இல்லையென்றால் அழிறப்பருக்கு வேலையில்லை. குடிசார் பொறியியல் மாணவன் மட்டை அட்டையாற் பாலஞ் செய்து, போத்தலிலே நீரை நிரப்பித் தொங்கவிட்டு, அது எப்போது முறியும் என முன்கூட்டியே எழுதி வைக்கட்டும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். அதற்கு விலையுயர்ந்த யந்திரம் வேண்டியதில்லை. பெட்டியில் அடங்காத பெரும்பொறிகளுக்கு மாணவர் வளாகத்துக்கு வரும் நாள்களை ஒதுக்கலாம்.

இரண்டாவது, நேரம். விளக்கவுரைகள் பத்து நிமிடத் துண்டுகளாகப் பதிவாகிக் கிடக்கட்டும். வேண்டியவன் வேண்டிய தடவை கேட்கட்டும். இவ்வாறு மீதமாகும் மணித்தியாலங்களை ஒரே தொடரான வேலை நேரமாக்குக. மூன்றாவது, முதலாண்டாரும் மூன்றாமாண்டாரும் ஒரே குழுவிற் சேரட்டும். மூத்தோர் இளையோரை வருத்தும் இழிவழக்கத்தால் நம் வளாகங்கள் பட்ட துன்பம் போதும். கற்பிக்கும் உறவொன்று அவ்விடத்தை நிரப்பலாம். நான்காவது, ஆசிரியர். எந்த மாணவன் எந்த அலகிலே எத்தனை நாளாக நிற்கின்றான் என்பதை இணையத்தளம் அவருக்குக் காட்டும். இருநூறு பேருக்கு ஒருமிக்கப் பேசும் பேச்சை விட்டு, நின்றுவிட்ட அந்த ஒருவனோடு பேசுவதே அவர் தொழிலாகட்டும்.

இங்கே நம்மவர்க்கு நெருங்கிய காரணம் ஒன்றும் உண்டு. உயர்தரம் வரை தமிழிற் கற்ற மாணவன், பொறியியற் பீடத்திலே கால் வைத்தவுடன் ஆங்கில விரிவுரையைக் கேட்கின்றான். பாதி சொல்லிலும் பாதி பொருளிலுமாக முதலாண்டு கழிந்துவிடுகின்றது. விளங்கவில்லை என்று கையுயர்த்த நாணம். பதிவான விளக்கத்தை அவன் நிறுத்திக் கேட்கலாம்; மீட்டும் கேட்கலாம்; எவரும் அறியார். கையிலுள்ள கருவியோ எம்மொழியும் பேசுவதில்லை. விளக்கு எரிந்தது, எரியவில்லை என்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டா.

செலவைக் காட்டி மறுப்போர் இருப்பர். ஓரணி பயன்படுத்திய பெட்டி அடுத்த அணிக்குக் கைமாறலாம். மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பலாமா என்று கேட்போரும் இருப்பர். 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருளில் இருந்த நமக்கு அவ்வச்சம் இயல்பே. ஆனால் அன்று நின்று போனது மேடையாகிய திரை. மின்கலம் உள்ள பெட்டி அவ்விருளிலும் தன் பாடத்தைச் சொல்லியிருக்கும். சோம்பேறிகள் பெருகுவர் என்பதே மிகப் பழைய மறுப்பு. உருளைக் கட்டையின் முன் அமர்ந்த அச்சிறுவனை அங்கே இருத்தி வைத்தவர் எவருமில்லை என்பதை மட்டும் அவர்களுக்குச் சொல்வேன்.

அவன் கட்டையை அலுமாரியிலே வைத்துவிட்டு என்னருகே வந்து, "முதலிலே பிழைத்துப் போச்சு, பிறகு சரி" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். இன்னும் பதினைந்து பதினாறு ஆண்டுகளில் அவன் ஒரு பொறியியற் பீடத்தின் வாயிலிலே வந்து நிற்கலாம். பிழைத்துப் போயிற்று என்று அவ்வளவு எளிதாகச் சொல்லும் வாயும், அதைத் திருத்தத் தானே நீளும் கையும் அன்று அவனிடத்தில் இருக்குமா? இடையிலே அவற்றைப் பறிக்கின்றவர்கள் நாம். திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவர்களும் நாமே.